பாஸ் மீன் டோர்னமென்ட் நடத்தினா ஏரி காலியாகுமா? செத்து மிதக்குற மீனை வச்சு எவ்வளவு சொல்ல முடியும்

கேள்வியை முதல்ல என் வார்த்தையில திருப்பிச் சொல்லிடறேன், ஏன்னா பதில் போட்டவங்கள்ல பாதிப் பேர் கேள்வியையே முழுசா படிக்கலன்னு தோணுது. நீங்க டெக்ஸாஸ்ல ஒரு பெரிய அணைக்கட்டு ஏரி பக்கத்துல குடியிருக்கீங்க. மார்ச்ல ஆரம்பிச்சு வாராவாரம் பாஸ் டோர்னமென்ட், விடியறதுக்குள்ள நூறு நூத்தம்பது படகு சீறிக்கிட்டுப் போகுது, சாயங்காலம் மீனை எடை போட்டுட்டு எல்லாத்தையும் உயிரோட தண்ணியில விட்டாச்சுன்னு மைக்ல சொல்றாங்க, ஆனா செவ்வாய்க்கிழமை வாக்கிங் போனா படகு இறக்குற இடத்துல செத்த மீன் வயித்தைக் காட்டிக்கிட்டு மிதக்குது. இது ஏமாத்து வேலையா, இப்படியே போனா ஏரியில மீனே மிஞ்சாதான்னு கேக்குறீங்க. இதுல ரெண்டு கேள்வி ஒட்டிக்கிட்டு இருக்கு. டோர்னமென்ட்டால மீன் சாகுதாங்கிறது ஒண்ணு, அதனால ஏரியோட மொத்த மீன் கூட்டம் குறையுதாங்கிறது இன்னொண்ணு. முதல் கேள்விக்கு ஆமா, அதுவும் மைக்ல சொல்றதைவிட நிறையவே சாகுது. ரெண்டாவதுக்கு, பெரிய ஏரியில பெரும்பாலும் இல்ல, சில வகை ஏரியில ஆமா. எந்த வகைங்கிறதுதான் பேச வேண்டிய விஷயம்.

என்னைப் பத்தி ரெண்டு வரி. ஊர்ல மீன்வளம் படிச்சுட்டு இங்க வந்து மேல படிச்சு, பதினெட்டு வருஷமா அமெரிக்காவோட தென் மாநிலங்கள்ல ஏரி மீன் கணக்கெடுப்புதான் வேலை. ராத்திரி படகுல போய் தண்ணிக்குள்ள லேசா மின்சாரம் விட்டு, மயங்கி மேல வர்ற மீனை அள்ளி எண்ணி அளந்து திருப்பி விடுவோம், கொஞ்சத்தை எடுத்து தலைக்குள்ள இருக்குற காதுக்கல்லை அறுத்து வயசு பாப்போம், மரத்துல வளையம் எண்ற மாதிரி. டோர்னமென்ட்ல நான் போட்டியிட்டதில்ல. வடக்கே கனடா பார்டர் பக்கத்து ஏரிங்க எனக்குப் படிச்சுத் தெரிஞ்சதுதான், கைப்பட வேலை செஞ்சது இல்ல, அதனால அங்கத்து விஷயம் சொல்றப்ப அந்த அளவுக்கு எடுத்துக்கங்க.

பாஸ்னா நம்மாளுங்களுக்கு முதலாளி ஞாபகம்தான் வரும், அதனால தெரியாதவங்களுக்காக: இது நன்னீர் மீன், லார்ஜ்மவுத்னு ஒண்ணு, ஸ்மால்மவுத்னு ஒண்ணு, ரெண்டும் வேட்டையாடித் தின்ற சாதி, நம்ம விரால் மாதிரி புல்லு ஓரமா பதுங்கி இருந்து பாயும். இதை வச்சு காசு பந்தயம் கட்டுறதை ஒரு தொழிலாவே மாத்தினவர் ரே ஸ்காட்னு அலபாமாவுல இன்சூரன்ஸ் வித்துக்கிட்டு இருந்த ஒரு மனுஷன். 1967 ஜூன்ல ஆர்கன்ஸாஸ்ல பீவர் லேக்ல முதல் போட்டி, 106 பேர் வந்தாங்க, தலைக்கு நூறு டாலர் நுழைவுக் கட்டணம். அடுத்த வருஷம் பாஸ்மாஸ்டர்ங்கிற போட்டிகளை நடத்துற சங்கத்தை ஆரம்பிச்சாரு, 1971ல லேக் மீட் ஏரியில கிளாசிக்ங்கிற பெரிய இறுதிப் போட்டி முதல் தடவையா நடந்துச்சு, பரிசு பத்தாயிரம் டாலர். இதுல கவனிக்க வேண்டியது, அந்த ஆரம்ப காலத்துல பிடிச்ச மீன் எல்லாம் கயித்துல கோத்து சாகத்தான் செஞ்சுது. ஏரிக்கரை ஆளுங்க இதைப் பாத்துக் கடுப்பானாங்க, உங்களுக்கு இன்னிக்கு வர்ற அதே கோவம். 1972ல இருந்து உயிரோட விடணும்னு அவரே விதியை மாத்தினாரு. படகுக்குள்ள தண்ணித் தொட்டி வச்சு காத்து ஏத்துற லைவ்வெல் எல்லாப் படகுலயும் வந்தது அதுக்கு அப்புறம்தான். மீன் மேல இருந்த பாசமா, பேர் கெட்டுடக் கூடாதுங்கிற கணக்கான்னு கேட்டா ரெண்டும்தான்னு நெனைக்கிறேன்.

இப்ப அந்த மீனோட ஒரு நாளை யோசிச்சுப் பாருங்க. காலைல ஏழு மணிக்குத் தூண்டில்ல மாட்டுது, இழுத்துப் போராடி சோர்ந்து போகுது, தொட்டிக்குள்ள போடுறாங்க. ஒருத்தர் அஞ்சு மீன் வரைக்கும் வச்சுக்கலாம், அதைவிடப் பெருசு கிடைச்சா சின்னதை வெளிய விட்டுட்டு மாத்திக்கலாம். படகு மணிக்கு அறுபது எழுபது மைல்ல அலை மேல குதிச்சுக் குதிச்சு ஓடுது, உள்ள அஞ்சு மீனும் சுவத்துல மோதிக்கிட்டு இருக்கும். மூணு மணிக்குக் கரைக்கு வந்ததும் ஒரு பிளாஸ்டிக் பையில கொஞ்சம் தண்ணியோட போட்டு வரிசையில நிக்கிறாங்க, வரிசை நீளமா இருந்தா பைக்குள்ள ஆக்ஸிஜன் நிமிஷங்கள்ல இறங்கிடும். அப்புறம் தராசு, அப்புறம் ரெண்டு கையிலயும் தூக்கிப் பிடிச்சு போட்டோ, இது எல்லாம் காத்துல. நம்மளை நாலு மாடி ஓடி ஏறவிட்டு ஏறினதும் தலையைத் தண்ணிக்குள்ள அமுக்குற மாதிரிதான் இது. தராசு வர்றப்ப செத்துப்போன மீனுக்கு அபராதம் உண்டு, பாஸ்மாஸ்டர் போட்டியில மீன் ஒண்ணுக்கு நாலு அவுன்ஸ் கழிப்பாங்க. ஒரு அவுன்ஸ் வித்தியாசத்துல பரிசே கை மாறுற விளையாட்டு, அதனால ஆளுங்க மீனை உயிரோட கொண்டு வர நெசமாவே மெனக்கெடுறாங்க. இதுல ஏமாத்து கிடையாது. ஆனா அந்த அக்கறைக்கு எல்லை தராசுதான், அதுக்கு அப்புறம் மீனுக்கு என்ன ஆச்சுன்னு யாரும் அபராதம் போடுறதில்ல.

மைக்ல சொல்ற கணக்குக்கும் நீங்க பாக்குற செத்த மீனுக்கும் இடையில இருக்குற ஓட்டை இதுதான். தராசுல உயிரோட இருந்து, விட்டதும் வாலை ஆட்டிட்டுப் போய், ரெண்டு மூணு நாள் கழிச்சு சாகுற மீன் நிறைய. ஜீன் வைல்ட்னு டெக்ஸாஸ்ல இருந்த ஒரு ஆராய்ச்சியாளர் இதைப் பத்தி வந்த ஆய்வுகளை எல்லாம் ஒண்ணாத் திரட்டி 1998ல ஒரு கட்டுரை எழுதினாரு, எங்க தொழில்ல இன்னிக்கும் எல்லாரும் எடுத்துக் காட்டுறது அதுதான். அதுல தராசுக்கு முன்னாடியே சாகுறது சராசரி நூத்துக்கு ஆறு ஏழு, விட்டதுக்கு அப்புறம் சாகுறது இருபதுக்கு மேல. ரெண்டையும் சேத்தா தோராயமா நாலுல ஒண்ணு. இது சராசரிதான், குளிர் காலத்துல நடந்த சில போட்டியில கிட்டத்தட்ட ஒண்ணுமே சாகல, கோடையில நடந்த சிலதுல பாதிக்குப் பாதி போயிருக்கு. இந்த நம்பரை அப்படியே வேதவாக்கா எடுத்துக்கவும் கூடாது. விட்ட மீன் சாகுதான்னு பாக்கணும்னா அதை வலைக்கூண்டுல நாலஞ்சு நாள் அடைச்சு வைக்கணும், அந்த அடைப்பே மீனுக்கு ஒரு வதை, கூண்டுனாலதான் கொஞ்சம் செத்துச்சோன்னு சந்தேகம் வரும். போட்டியில பிடிபடாத மீனை பக்கத்துக் கூண்டுல வச்சு ஒப்பிட்டுப் பாத்தாதான் அந்தச் சந்தேகம் தீரும், பழைய ஆய்வுகள் நிறைய அதைச் செய்யல. அதனால உண்மை கொஞ்சம் கம்மியாவும் இருக்கலாம், மிதக்காம அடியில போய்ச் செத்ததை எண்ணாம விட்டிருந்தா கூடவும் இருக்கலாம்.

சந்தேகமே இல்லாத விஷயம் வெயில். முப்பது டிகிரி தண்ணியில எவ்வளவு காத்து ஏத்தினாலும் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்ஸிஜன்தான் நிக்கும், பதினஞ்சு டிகிரியில பத்து நிக்கும், ஆனா சூட்டுல மீனுக்கு மூச்சு அதிகமா வேணும், அதாவது தேவை ஏறுற நேரத்துல வரத்து குறையுது. நான் வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு ஜூலை மாசப் போட்டியில கூண்டு வேலைக்குப் போனேன். சனிக்கிழமை சாயங்காலம் போட்டப்ப எல்லாம் துள்ளிக்கிட்டு இருந்துச்சு, ஞாயித்துக்கிழமையும் சும்மா ஒண்ணு ரெண்டுதான், சரி நல்லா இருக்கேன்னு நெனைச்சேன், திங்கக்கிழமை காலைல போனா நாத்தம் கரையிலேயே அடிச்சுது. உடம்புல கை பட்ட இடத்துல வழவழப்பு போய் பஞ்சு மாதிரி பூஞ்சணம் பிடிச்சிருந்துச்சு, துடுப்பு ஓரம் ரத்தம் கட்டியிருந்துச்சு. நீங்க ஞாயித்துக்கிழமை இல்லாம செவ்வாய்க்கிழமை பாக்குறதுக்குக் காரணமும் இதுதான், செத்து உள்ள வாயு கட்டி மேல வர நேரம் பிடிக்கும். இன்னொண்ணு, போட்டியில பிடிச்ச மீன் மொத்தத்தையும் ஒரே இடத்துல விடுறாங்க, அதனால இருபதாயிரம் ஏக்கர்ல சிதறிக் கிடக்க வேண்டிய சாவு உங்க வாக்கிங் பாதையில குவிஞ்சு கிடக்கு. கண்ணுக்கு அது பத்து மடங்கு பெருசாத் தெரியும்.

ஆழத்துல இருந்து பிடிக்கிற மீன் கதை வேற. பாஸுக்கு காத்துப்பைக்கும் தொண்டைக்கும் வழி கிடையாது, கெண்டை மாதிரி ஏப்பம் விட்டு காத்தைக் குறைச்சுக்க முடியாது. முப்பது அடி ஆழத்துல இருந்து சட்டுனு மேல இழுத்தா பை பலூன் மாதிரி உப்பி, கீழ போக முடியாம தொட்டிக்குள்ள மல்லாந்து மிதக்கும், அப்படியே விட்டா ஏரியிலயும் மேலயே மிதந்து வெயில்ல கருகிச் சாகும். ஊசியால குத்தி காத்தை எடுத்துவிடுற பழக்கம் இருக்கு, கை பழகினவங்க செஞ்சா மீன் பிழைக்குது, பழகாதவங்க குத்தினா குடலுக்குள்ள போயிடும். ஸ்மால்மவுத் ஆழத்துல திரியுற வடக்கு ஏரிங்கள்ல இது பெரிய தலைவலி, உங்க பக்கத்துல கோடையிலயும் குளிர் காலத்துலயும் ஆழத்துல பிடிக்கிறப்ப மட்டும்தான் வரும்.

சரி, சாகுது. ஏரி காலியாகுமா? ஒரு கணக்குப் போட்டுப் பாப்போம், இது முழுக்க முழுக்க உதாரணக் கணக்கு, எந்த ஏரியோட புள்ளிவிவரமும் இல்ல. நூறு படகு, படகுக்கு ரெண்டு பேர்னாலும் சேத்து அஞ்சு மீன்தான், எல்லாரும் அஞ்சு கொண்டு வர மாட்டாங்க, பாதிப் பேர் ஒண்ணு ரெண்டோட வருவாங்க, ஆக 250 மீன்னு வைங்க. நாலுல ஒண்ணு சாகுதுன்னா அறுபது சொச்சம். இருபதாயிரம் ஏக்கர் ஏரியில ஏக்கருக்கு அஞ்சு பெரிய பாஸ்னாலும் ஒரு லட்சம். அறுபது மீன் அதுல எங்க தெரியப் போகுது? வருஷத்துக்கு இந்த மாதிரி முப்பது போட்டின்னா ரெண்டாயிரத்தை நெருங்கும், அதாவது நூத்துக்கு ரெண்டுக்குள்ள. வயசு, நோய், நாரை, பெரிய மீன் சின்ன மீனைத் தின்றதுன்னு இயற்கையாவே வருஷா வருஷம் சாகுறது இதைவிடப் பல மடங்கு. இதே கணக்கை ஐநூறு ஏக்கர் ஏரிக்குப் போடுங்க, மொத்தமே ரெண்டாயிரத்தைநூறு மீன்தான், அங்க ஒரு கோடைகாலம் முழுக்க வாரம் ஒரு போட்டி வச்சா பெரிய மீன் குறையறது தூண்டில்காரனுக்கே தெரிஞ்சிடும். மைக் ஆலன்னு ஃபுளோரிடாவுல இருந்து ஒரு குழு 2004ல கணினியில மாடல் போட்டு இதைத்தான் பாத்தாங்க. அந்த ஏரியில பிடிபடுற மொத்த மீன்ல டோர்னமென்ட் பங்கு பெருசா இருந்து, சாவும் அதிகமா இருந்தாதான் மீன் கூட்டத்துல அது தெரியுதுன்னு வந்துச்சு, மத்த இடத்துல கரைஞ்சு போயிடுது.

இதுல நிறைய பேர் மறந்துடுற ஒரு விஷயம் இருக்கு. முன்னாடி இந்த ஊர்ல பாஸ் பிடிச்சவங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் பொரிச்சுத் தின்னாங்க. ஆலன் குழுவே பல ஏரி ஆய்வுகளைச் சேத்துப் பாத்ததுல 1990க்கு முன்னாடி தூண்டில்காரங்க வருஷத்துக்கு ஏரியில இருக்குற பாஸ்ல சராசரி நூத்துக்கு முப்பத்தஞ்சை எடுத்துக்கிட்டு இருந்தாங்க, 1990க்கு அப்புறம் அது பதினெட்டா குறைஞ்சிடுச்சு. காரணம் டோர்னமென்ட் பரப்பின உயிரோட விடுற பழக்கம், அது போட்டிக்கு வெளிய சாதாரண ஆளுங்களுக்கும் தொத்திக்கிச்சு. ஆக டோர்னமென்ட் கொல்ற மீனையும் அந்தக் கலாச்சாரம் காப்பாத்தின மீனையும் தராசுல வச்சா காப்பாத்தினது கனமா இருக்க வாய்ப்பு அதிகம்னு எனக்குப் படுது. இது என் அபிப்பிராயம், அளந்து சொன்னது இல்ல. சில சின்ன ஏரியில இது தலைகீழாப் போய், யாருமே மீனை எடுக்காம சின்ன பாஸ் மண்டி, சாப்பாடு பத்தாம எல்லாம் ஒல்லியா பன்னெண்டு அங்குலத்துலயே நின்னுடுது. அங்க எல்லாம் நாங்களே போய் தயவுசெஞ்சு எடுத்துச் சாப்பிடுங்கய்யான்னு சொல்றோம், ஒருத்தரும் கேக்கறதில்ல, மீனை விடுறது இங்க ஒரு மதம் மாதிரி ஆயிடுச்சு.

சாவைவிட்டு இன்னொரு பாதிப்பு, இடம் மாத்துறது. முப்பது மைல் தள்ளி ஒரு ஓடையில பிடிச்ச மீனை கொண்டு வந்து ராம்ப்ல, அதான் படகு இறக்குற இடத்துல, விடுறாங்க. அது வீட்டுக்குத் திரும்பிப் போகுமா? வைல்ட் 2003ல இதையும் திரட்டினாரு. லார்ஜ்மவுத்ல பாதி விட்ட இடத்துல இருந்து ஒரு மைலுக்குள்ளயே தங்கிடுது, பிடிச்ச இடத்துக்குத் திரும்பினது நூத்துக்கு பதினாலுதான். ஸ்மால்மவுத் கொஞ்சம் கெட்டி, மூணுல ஒண்ணு திரும்பிடுது. இதனால ராம்ப் சுத்தி மீன் குவியும், அங்கேயே மறுபடி மறுபடி பிடிபடும், ஓடை மூலையில மீன் குறையும். ஏரிக்கு மொத்தத்துல நஷ்டம் இல்ல, ஆனா அந்த மூலையில தூண்டில் போடுற கிழவருக்கு மீன் அத்துப் போச்சுன்னுதான் தோணும், அவர் சொல்றது பொய்யும் இல்ல. சில பெரிய போட்டியில மீனை தனிப் படகுல ஏத்தி ஏரி முழுக்க பரவலா விடுறாங்க, அது நல்ல ஏற்பாடு.

முட்டை காலம்தான் எல்லாரும் சூடா சண்டை போடுற இடம். இதைப் புரிஞ்சுக்க நம்ம விராலை நெனைச்சுக்கங்க. கண்மாயில செக்கச்செவேல்னு குஞ்சுக்கூட்டம் மேல மொய்ச்சுக்கிட்டு இருந்தா கீழ தாய் தகப்பன் காவலுக்கு நிக்கும்னு ஊர்ல சின்னப் பையனுக்கும் தெரியும், தவளையைக் கட்டிப் போட்டா கோவத்துல வந்து அடிக்கும். பாஸ்லயும் அதேதான், ஆனா காவல் ஆண் மட்டும். தண்ணி பதினாறு பதினேழு டிகிரி வந்ததும் ஆண் அடியில வாலால பெருக்கி வட்டமா கூடு போடும், பொட்டை வந்து முட்டையிட்டுட்டுப் போயிடும், ஆண் முட்டை பொரிச்சு குஞ்சு நீந்துற வரைக்கும் அதுக்கு அப்புறமும் சில வாரம் காவல் நிக்கும். அந்த நேரம் எது கிட்ட வந்தாலும் கடிக்கும், அதனால பிடிக்கிறது ரொம்ப சுலபம். ஆணை எடுத்துட்டா சுத்தி காத்துக்கிட்டு இருக்குற புளூகில் மாதிரி சின்ன மீனுங்க நிமிஷக் கணக்குல கூட்டைக் காலி பண்ணிடும். டேவிட் ஃபிலிப் குழு ஒன்டாரியோவுல 1990கள்ல பாத்தப்ப, பிடிச்சு உடனே விட்டாலே கொஞ்ச ஆண் கூட்டைக் கைவிட்டுடுது, நேரம் கழிச்சு விட்டா கைவிடுறது இன்னும் அதிகம்னு தெரிஞ்சுது. டோர்னமென்ட்ல எட்டு மணி நேரம் தொட்டியில வச்சு வேற இடத்துல விடுறாங்க, அந்தக் கூடு போச்சுன்னே வச்சுக்கலாம். இவ்வளவும் உறுதி. இனிமே சொல்றதுதான் சந்தேகம்: கூடு போனா அடுத்த வருஷ மீன் குறையுமா? ஒரு கூட்டுல ஆயிரக்கணக்குல குஞ்சு, அதுல பெருசாகுறது விரல்விட்டு எண்ணலாம், பக்கத்துக் கூட்டுக் குஞ்சுங்களுக்குப் போட்டி குறைஞ்சு அதுங்க நல்லாப் பிழைச்சுக்கும்னு ஒரு கட்சி. வடக்குல முட்டை காலம் ரெண்டு மூணு வாரம்தான், அங்க கூடு போனா அந்த வருஷமே போச்சுன்னு இன்னொரு கட்சி. ஒன்டாரியோ தெற்குப் பகுதியில பல இடத்துல ஜூன் பாதி தாண்டித்தான் பாஸ் சீசனையே திறக்குறது வழக்கம். டெக்ஸாஸ்ல ஒரே ஏரியில பிப்ரவரியில இருந்து மே வரைக்கும் மாத்தி மாத்தி முட்டை வைக்கிறதால ரெண்டு போட்டி கெடுத்தா ஒண்ணும் ஆகாதுன்னுதான் நான் இதுவரைக்கும் பாத்த கணக்கெடுப்பு சொல்லுது.

எனக்கு உள்ளுக்குள்ள உறுத்துற விஷயம் வேற, அதைப் பத்தி இங்க யாரும் கேக்கல. இல்லினாய்ஸ்ல ரிட்ஜ் லேக்னு ஒரு சின்ன ஏரி, அங்க 1970கள்ல இருந்து வந்தவங்க எல்லாரும் பிடிச்ச ஒவ்வொரு பாஸையும் அடையாளம் போட்டு விட்டாங்க. ஒரே மீன் ஒரே வருஷத்துல பதினாறு தடவை மாட்டிச்சு, சிலது ஒரு தடவை கூட மாட்டல. ஏரியை வடிச்சு, அடிக்கடி மாட்டினதை ஒரு வம்சமாவும் மாட்டாததை ஒரு வம்சமாவும் தனித்தனியா மூணு தலைமுறை வளத்தாங்க. 2009ல முடிவு வந்துச்சு, தூண்டிலைக் கடிக்கிற குணம் ஓரளவு பரம்பரையா வருது, தலைமுறைக்குத் தலைமுறை ரெண்டு வம்சத்துக்கும் வித்தியாசம் கூடிக்கிட்டே போகுது. அப்புறம் 2012ல அதே வம்சங்களை வச்சுப் பாத்தா, சுலபமா மாட்டுற ஆண்தான் கூட்டை நல்லாக் காக்குற அப்பன். அப்ப வருஷக்கணக்கா நாம பொறுப்பான அப்பன்களாப் பாத்துப் பொறுக்கி எடுத்துக்கிட்டு இருக்கோமா? குளத்துச் சோதனை அப்படித்தான் சொல்லுது. நெசமான பெரிய ஏரியில இது எவ்வளவு வேகமா நடக்குதுங்கிறது இன்னும் முடிவாகாத சண்டை, கனெக்டிகட்ல தூண்டிலே படாத குடிதண்ணி ஏரி மீனையும் சாதா ஏரி மீனையும் ஒப்பிட்டவங்க உடம்பு சக்தி செலவழிக்கிற வேகத்துலயே வித்தியாசம் இருக்குன்னு காட்டியிருக்காங்க. ஏரியில மீன் நிறைய இருக்கு ஆனா முந்தி மாதிரி கடிக்க மாட்டேங்குதுன்னு கிழவருங்க புலம்புறப்ப நான் முன்னாடி சிரிச்சுட்டு விட்டுடுவேன், இப்ப சிரிக்கறதில்ல.

உங்க ஏரியில மீன் கூடுறதும் குறையறதும் எதனாலன்னு என்னைக் கேட்டா முதல்ல தண்ணி மட்டம்னுதான் சொல்வேன். வசந்த காலத்துல தண்ணி ஏறி கரைப் புதரை மூழ்கடிச்சா குஞ்சுக்கு ஒளிய இடம், அந்த வருஷம் ஜமாய்க்கும். 2011 டெக்ஸாஸ் வறட்சி மாதிரி தண்ணி இறங்கி கரை வெறும் சேறா கிடந்தா எத்தனை டோர்னமென்டை நிறுத்தினாலும் குஞ்சு நிக்காது. ரெண்டாவது தண்ணிக்குள்ள வளர்ற பாசி, புல்லு, அதை மருந்தடிச்சு மொத்தமா அழிச்சா பாஸ் குறையும். நோயும் இருக்கு, 1995ல சவுத் கரோலினாவுல ஸான்டீ கூப்பர் ஏரியில லார்ஜ்மவுத் பாஸ் வைரஸ்னு ஒண்ணு பெரிய மீனைக் கொத்துக் கொத்தா கொன்னுது, அப்புறம் தெற்கு முழுக்க பரவிச்சு. வைரஸ் இருந்தும் பல மீன் நல்லாத்தான் இருக்கும், வெயில், வதை சேந்தாதான் படுத்துக்கும். அந்த விதத்துல கோடை டோர்னமென்ட்டுக்கு இதுல கொஞ்சம் பங்கு இருக்கலாம். இன்னொரு பங்கு படகு. வாரம் ஒரு ஏரின்னு சுத்துற படகுல ஒட்டிக்கிட்டு வரிக்கிளிஞ்சல் போகும், ஸீப்ரா மஸல்னு சொல்வாங்க, டெக்ஸாஸ்ல 2009ல டெக்ஸோமா ஏரியில முதல்ல பிடிபட்டுச்சு, இப்ப எத்தனையோ ஏரியில. தொட்டித் தண்ணியை வடிச்சுட்டுப் போகணும்னு சட்டமே இருக்கு. சாகுற அறுபது மீனைவிட இந்தத் தொத்து ஏரிக்கு நிரந்தரக் கெடுதல்.

மாத்து வழி இல்லாம இல்ல. டெக்ஸாஸ்ல லேக் ஃபோர்க்ங்கிற ஏரியில பதினாறுல இருந்து இருபத்திநாலு அங்குலம் வரை உள்ள பாஸை வச்சுக்கவே கூடாதுங்கிற விதி இருந்ததால தொட்டியில கொண்டு வர்ற போட்டி அங்க சரிப்படாது, 2007ல பெரிய போட்டி வச்சப்ப படகுக்கு ஒரு நடுவரை ஏத்தி, பிடிச்ச இடத்துலயே எடை போட்டு அங்கேயே விட்டாங்க. மேஜர் லீக் ஃபிஷிங்னு போட்டி நடத்துற இன்னொரு அமைப்புக்காரங்க 2011ல இருந்து இந்த முறையைத்தான் பெருசாப் பரப்பினாங்க. இதுல தொட்டி, பை, வரிசை, இடம் மாத்துறது நாலும் போயிடுது. ஆனா கரையில கூட்டம் கூடி கைதட்ட மீன் இருக்காது, ஊர் மோட்டல்காரருக்கும் ஸ்பான்ஸருக்கும் அந்த மேடைதானே வேணும், அதனால சின்னப் போட்டிங்க இன்னும் பழைய வழியிலதான். பழைய வழியிலேயே செய்றதுன்னாலும் ஜூலை ஆகஸ்ட்ல அஞ்சுக்குப் பதிலா மூணு மீன், மத்தியானத்துக்கு முன்னாடி எடை, தொட்டிக்கு பாட்டில்ல உறைய வச்ச ஐஸ், தராசு கிட்ட காத்து ஏத்துற பெரிய தொட்டி, போட்டோ வேண்டாம், இவ்வளவு செஞ்சாலே சாவு பாதியா குறையும்னு என் அனுபவம். ஐஸை அள்ளிக் கொட்டி ஏரித் தண்ணியைவிட ரொம்பக் குளிர வைக்கிறதும் தப்பு, நாலஞ்சு டிகிரி போதும்.

கீழ ஒருத்தர் பிடிச்ச மீனைத் திங்காம விடுறவன் முட்டாள்னு எழுதியிருந்தாரு. அவருக்கு ஒரு தகவல், ஜப்பான்ல பிவா ஏரியில பாஸ் வெளியில இருந்து வந்து உள்ளூர் மீனைத் தின்னு தீத்துக்கிட்டு இருக்கு, அதனால ஷிகா மாகாணத்துல 2003ல இருந்து பிடிச்ச பாஸைத் திருப்பி விடுறதுதான் தப்பு. உலக சாதனை பாஸ் ஒண்ணு 2009ல பிடிபட்டதும் அந்த ஏரியிலதான், 1932ல ஜார்ஜியாவுல பிடிச்ச 22 பவுண்டு 4 அவுன்ஸ் சாதனைக்குச் சமமா. மீனு ஒண்ணுதான், எந்த ஏரிங்கிறதைப் பொறுத்து நியாயம் மாறுது.

கடைசியா நீங்க செய்யக் கூடியது. உங்க மாநிலப் பூங்கா, வனவிலங்குத் துறை பெரிய ஏரிங்களுக்கு கணக்கெடுப்பு அறிக்கையை இணையத்துல போடுது, அதுல மின்சாரப் படகுல ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பாஸ் வந்துச்சுங்கிற பத்தியை மட்டும் பத்து வருஷத்துக்குப் பாருங்க, பக்கத்துல தண்ணி மட்டத்தையும் வச்சுக்கங்க. பதினாலு அங்குலத்துக்கு மேல உள்ள மீன் மட்டும் சரிஞ்சுக்கிட்டே போய், சின்னது நிறைய வந்துக்கிட்டு இருந்தா, பெருசை யாரோ எடுக்குறாங்க இல்ல கொல்றாங்க, அப்ப உங்க சந்தேகத்துக்குப் பலம் இருக்கு. சின்னதே வரலைன்னா பிரச்சினை டோர்னமென்ட் இல்ல, தண்ணியும் புல்லும். செத்த மீனை எண்ணணும்னா சனிக்கிழமை போட்டிக்கு அடுத்த ஆறு நாளும் ஒரே நேரத்துல போய் எண்ணுங்க, பாஸ் மட்டும், ஷாட்ங்கிற சின்ன மீன் மாதிரி வேற எதையும் சேக்காதீங்க, போட்டி இல்லாத வாரத்துலயும் அதே மாதிரி எண்ணிக்கங்க. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னும் குறிச்சுக்கங்க, தெக்கத்திக் காத்து அடிச்சா மிதக்குறது எல்லாம் வடக்குக் கரையில போய் ஒதுங்கும், நீங்க நடக்குற பக்கம் சுத்தமா இருக்கும், அன்னிக்குப் பூஜ்யம்னு எழுதிடாதீங்க.